இறகும் நீரும்: ஔட்சூர்ன் வேளாண் நகரின் பொருளியல் வரலாறு

1. முன்னுரை

ஒரு நகரின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு அந்நகரில் எஞ்சி நிற்கும் கட்டடங்கள் முதற்சான்றாக அமைதல் இயல்பு. கல்லும் சுண்ணாம்பும் நெடுநாள் நிலைப்பன. ஆதலின் அவற்றை எழுப்பியவரின் புகழும் நெடுநாள் நிலைக்கின்றது. மண்சுவரும் கூரையுமாக வாழ்ந்தோர்க்கு அத்தகைய சான்று இல்லை. கட்டடச் சான்றை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு, இக்காரணத்தால், ஒரு சாராரின் வரலாறாகவே முடிகின்றது. இவ்வுண்மையைத் தெளிவுற விளக்கும் நகரங்களுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்திலுள்ள ஔட்சூர்ன் ஆகும்.

இந்நகரில் மணற்கல்லாற் கட்டப்பெற்ற பெருமனைகள் சில இன்றும் உள்ளன. 'இறகு மாளிகைகள்' என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். உலக வழக்கில் நெருப்புக்கோழி எனவும் நூல் வழக்கில் தீக்கோழி எனவும் பெயர் பெறும் பறவையின் இறகை விற்ற பொருளால் அவை எழுந்தன. நகரின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைக் கூறுவர். இறகால் நகர் உயர்ந்தது என்பது ஒன்று. மோட்டார் வண்டி வந்து மகளிர் தொப்பியின் உருவம் மாறியதால் 1914-ஆம் ஆண்டில் நகர் வீழ்ந்தது என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல, எனினும் இரண்டும் முழுமையானவையும் அல்ல. அந்நகரின் செல்வத்துக்கு உண்மையான அடிப்படை பாசனம் பெற்ற நிலமே என்பதும், வீழ்ச்சியின் சுமை எவர்மேல் எவ்வளவு விழுந்தது என்பதை அந்நிலமும் நீரும் எவர் கையில் இருந்தன என்பதே முடிவு செய்தது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும்.

2. நிலமும் நீரும்

தெற்கே ஔட்டனிக்குவா மலைத்தொடர், வடக்கே சுவார்ட்பெர்க் என்னும் கருமலைத் தொடர். இவ்விரண்டுக்கும் இடையே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு சிறு கரூ எனப்படும். கடற்காற்றின் ஈரத்தைத் தென்மலை தடுத்துவிடுதலின் இங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 10 அங்குலமே. மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்தல் அரிது. ஆயினும் சுவார்ட்பெர்க் மலையில் தோன்றும் ஓடைகள் சமவெளியில் இறங்கி ஒலிஃபாண்ட்ஸ் ஆற்றொடு கலக்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய குரோபெலார் ஆற்றின் கரையில் அமைந்ததே ஔட்சூர்ன். வறண்ட நிலத்தினூடே நீர் பாயும் குறுகிய பசும்பட்டைகளாக அமைந்த இந்நில இயல்பே பின்வந்த வரலாறு முழுமைக்கும் அடித்தளமாகும்.

இப்பகுதியின் பழங்குடியினர் வேட்டுவராகிய சான் மக்களும் ஆநிரை மேய்த்த கொய்கொய் மக்களும் ஆவர். 1689-ஆம் ஆண்டில் ஐசக் ஸ்கிரைவர் தலைமையில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியார் அனுப்பிய குழுவொன்று கொய்கொய் மக்களிடம் கால்நடை வாங்கும் பொருட்டு இப்பள்ளத்தாக்கினுள் புகுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் ஆற்றங்கரைகளைத் தம் பண்ணைகளாக்கிக் கொண்டனர். நீர்நிலைகள் பிறர் கைப்பட்டபின் மேய்ச்சல் வாழ்வு நிலைபெறவில்லை. நிலம் இழந்த கொய்கொய் மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் அப்பண்ணைகளிலேயே ஏவலராயினர். கேப் குடியேற்றத்தில் அடிமை முறை 1834-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1838-இல் முழு விடுதலை நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்றோர்க்கு நிலம் வழங்கப்படவில்லை. ஆதலின் அவர்களும் பண்ணைத் தொழிலாளராகவே எஞ்சினர். பிற்காலத்து அரசாவணங்கள் 'கலர்டு' என ஒரு வகுப்பாக எழுதிவைத்த மக்கள் தொகுதியின் முன்னோருட் பலர் இவர்களே.

நகர் தோன்றிய ஆண்டு 1847. கேப் ஆளுநராக நியமனம் பெற்றுக் கடல்வழி வருங்கால் 1773-இல் உயிர்நீத்த பீட்டர் வான் ரீட் வான் ஔட்சூர்ன் என்னும் பிரபுவின் பெயர் இவ்வூருக்கு இடப்பட்டது. நகராட்சி 1863-இல் அமைந்தது. தொடக்கத்தில் புகையிலை, திராட்சை, பழவகை, கோதுமை ஆகியன விளைவிக்கப்பட்டன. வாய்க்கால் நீரை முறை வைத்துப் பங்கிடும் வழக்கம் நிலவியது. குறித்த நாளில் குறித்த நாழிகை நீர் பெறும் உரிமை நிலத்தோடு சேர்ந்தே விற்கவும் வாங்கவும் பட்டது. நீருரிமையற்ற நிலம் பெயரளவிற்கே நிலம். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

3. பறவை வளர்ப்பின் தோற்றம்

தீக்கோழியின் இறகு பண்டுதொட்டே விலைபெற்ற பொருள். எனினும் அது காட்டுப் பறவையை வேட்டையாடிப் பெற்ற பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. பறவையைக் கொல்லாது வளர்த்து இறகு கொய்யும் தொழில் 1860-ஆம் ஆண்டுகளில்தான் கேப் குடியேற்றத்தில் வேரூன்றியது. 1865-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வளர்ப்புத் தீக்கோழிகள் 80 எனக் குறிக்கப்பட்டுள்ளன. பத்தாண்டுகளில், அதாவது 1875-இல், அத்தொகை ஏறத்தாழ 22,000 ஆயிற்று.

இவ்விரைந்த பெருக்கத்துக்கு மூன்று காரணங்கள் உள. முதலாவது கம்பிவேலி. பறவையை ஓரிடத்தில் நிறுத்தி இனந்தேர்ந்து பெருக்க இது துணைசெய்தது. இரண்டாவது அடைகாப்புப் பொறி. கேப்பின் கிழக்குப் பகுதியில் பண்ணை நடத்திய ஆர்தர் டக்ளஸ் 1869-இல் இதனைச் செம்மை செய்தார். இயற்கையில் பகலில் பெடையும் இரவில் சேவலுமாக ஆறு வாரம் அடைகாக்கும். முட்டைகளைப் பொறியில் வைத்தால் அவ்விரண்டும் மீண்டும் முட்டையிடும் நிலைக்கு விரைவில் வரும். மூன்றாவது குதிரை மசால் என்னும் தீவனப்பயிர். வறண்ட மேய்ச்சல் நிலத்தில் ஒரு பறவைக்குப் பல ஏக்கர் வேண்டும். குதிரை மசால் விளையும் பாசன நிலத்தில் ஓரேக்கரே பல பறவைகளைத் தாங்கும். ஔட்சூர்னின் வண்டல் மண்ணும் வாய்க்கால் நீரும் இப்பயிர்க்கு மிகப் பொருந்தின. முதலிரண்டும் கேப்பின் எப்பகுதியினர்க்கும் கிட்டக் கூடியன. மூன்றாவது நீருள்ளார்க்கே கிட்டும். எண்பதுகளின் இடையில் இறகு விலை வீழ்ந்தபோது பிற மாவட்டத்தார் பலர் இத்தொழிலைக் கைவிட, ஔட்சூர்ன் அதனைத் தாங்கி நின்று தொழிலின் தலைமையிடமானதற்கு இதுவே காரணம்.

இறகு கொய்தல் நுட்பமான தொழில். பறவையை முக்கோண வடிவான சிறு அடைப்பினுள் செலுத்தித் தலைமேல் துணியுறை ஒன்றை மாட்டுவர். கண் மறைந்த பறவை அடங்கி நிற்கும். முற்றிய சிறகிறகுகளை அடித்தண்டு எஞ்சுமாறு கத்தரிப்பர். எஞ்சிய அடித்தண்டு சில வாரங்களில் உலர்ந்தபின் அதனைப் பறித்தெடுப்பர். அவ்விடத்துப் புதிய இறகு முளைக்கும். சேவலின் சிறகிலுள்ள தூய வெண்ணிறகே மிக்க விலை பெற்றது. பெடையின் சிறகிறகு, சேவலின் உடற்கருந்தூவி, பெடையின் சாம்பற்றூவி, குஞ்சின் முதலிறகு ஆகியன தனித்தனி வகையாகப் பிரிக்கப்பட்டு, நீளம், அகலம், தூவியடர்த்தி, பளபளப்பு என்பன நோக்கித் தரம் இடப்பட்டன. கேப்பில் கொய்த இறகு பெரும்பாலும் இலண்டன் நகர்க்குச் சென்று அங்கு ஏலத்தில் விலைபோயிற்று. பின்னர் இலண்டன், பாரிஸ், நியூயார்க் ஆகிய நகரங்களின் தொழிற்கூடங்களில் சாயமிடப்பட்டுச் சுருளாக்கப்பட்டுத் தொப்பியில் ஏறியது.

4. ஏற்றக் காலத்துக் கணக்கு

1880-இல் கேப்பிலிருந்து ஏற்றுமதியான இறகு ஏறத்தாழ 1,63,000 இராத்தல். அதன் மதிப்பு ஏறத்தாழ 8,84,000 பவுன். 1913-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் ஏற்றுமதி 10,23,000 இராத்தலை எட்டியது; மதிப்பு ஏறத்தாழ 29,54,000 பவுன். பொன், வைரம், கம்பளி ஆகிய மூன்றுக்கும் அடுத்து நான்காவது ஏற்றுமதிப் பொருளாக இறகு விளங்கியது. வளர்ப்புப் பறவைகளின் தொகை 1891-இல் ஏறத்தாழ 1,55,000; 1904-இல் ஏறத்தாழ 3,58,000; 1913-இல் ஏறத்தாழ 7,76,000.

இவ்வெண்களைத் தனித்தனியே நோக்குவோர்க்கு ஏற்றமே தோன்றும். இணைத்து நோக்கின் வேறொன்று புலனாகும். 1880-இல் ஓர் இராத்தல் இறகின் சராசரி மதிப்பு ஏறத்தாழ 5 பவுன் 8 ஷில்லிங். 1913-இல் அது ஏறத்தாழ 2 பவுன் 18 ஷில்லிங். எடை ஆறு மடங்கிற்கு மேல் உயர்ந்துள்ளது. மதிப்போ மூன்று மடங்கிற்குச் சற்றே மேலாக உயர்ந்துள்ளது. அதாவது, புகழ்பெற்ற ஏற்றக் காலத்தின் உச்சியாண்டிலேயே ஓர் இராத்தலின் மதிப்பு முப்பத்துமூன்று ஆண்டுகட்கு முன்னிருந்ததில் பாதியளவாகச் சுருங்கியிருந்தது. குறையும் விலையைப் பெருகும் எடையால் ஈடுசெய்து வந்ததே ஏற்றத்தின் உள்ளியல்பு. பறவையின் தொகை 1904-க்கும் 1913-க்கும் இடையே இரு மடங்கிற்கு மேற்பட்டதும் இதனை வலியுறுத்தும். தொப்பி அணிவார் தொகை அவ்விகிதத்தில் பெருகவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

ஏனைய நாடுகளின் போட்டியைத் தடுக்க அரசு முயன்றது. 1884-இல் ஏற்றுமதியாகும் ஒரு பறவைக்கு 100 பவுனும் ஒரு முட்டைக்கு 5 பவுனும் வரியாக விதிக்கப்பட்டன. 1907-இல் அவ்வேற்றுமதி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. 1911-இல் ரசல் தார்ன்டன் தலைமையில் ஒரு குழு வட நைஜீரியாவிற்கு மறைவாக அனுப்பப்பட்டது. இரட்டைத் தூவியடர்த்தியுள்ள இறகினைத் தரும் வடஆப்பிரிக்க இனத்தைத் தேடிக் கொணர்தலே அதன் நோக்கம். நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள் 1912-இல் கேப் டவுன் வந்து சேர்ந்தன. அவற்றின் கலப்பினம் பயன்தரு முன்னரே சந்தை மறைந்துவிட்டது. விளைபொருளின் தரத்தைப் பற்றியும் போட்டியாளரைப் பற்றியும் இத்துணைக் கவலை கொண்ட அரசும் பண்ணையாளரும் விளைவின் அளவைப் பற்றிக் கவலை கொள்ளாமை கருதத்தக்கது.

5. வணிகரும் கடனும்

பண்ணைக்கும் இலண்டன் ஏலத்துக்கும் இடையே நின்றவர் இறகு வணிகர். இவருட் பெரும்பாலோர் உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த லித்துவேனியாவின் ஷாவ்லி, கெல்ம் முதலிய ஊர்களிலிருந்து வந்த யூதர். தம் நாட்டில் நிலம் வாங்கவும் தொழில் தேரவும் தடைகள் பல இருந்தமையாலும், யூதர்மேல் வன்முறை நிகழ்ந்தமையாலும் இவர் புலம்பெயர்ந்தனர். முதலிற் பொதிசுமந்து பண்ணைதோறும் சென்று பண்டம் விற்றனர். விற்ற இடத்திலேயே இறகு வாங்கினர். இறகைத் தரம் பிரித்தறியும் கண்ணும் கையும் இவர்க்கு விரைவில் வாய்த்தன. கெல்ம் ஊரார்க்கும் ஷாவ்லி ஊரார்க்கும் வழிபாட்டு மரபில் வேறுபாடு இருந்தமையின், 1888-இல் ஒரு தொழுகைக்கூடமும் 1896-இல் மற்றொன்றும் எழுந்தன. இத்திஷ் மொழி நகரின் தெருக்களில் ஒலித்தது. 'ஆப்பிரிக்காவின் எருசலேம்' என்ற பெயரையும் நகர் பெற்றது. 1890-இல் லித்துவேனியாவிலிருந்து வந்து 'இறகு அரசர்' எனப் பெயர்பெற்ற மாக்ஸ் ரோஸ் இவ்வணிகருட் சிறந்தவர்.

வணிகத்தின் முறையை நோக்குதல் வேண்டும். பறவையின் மேல் இறகு முற்றுமுன்னரே அதற்கு விலை பேசப்படும். பண்ணையாளர் முன்பணம் பெறுவர். வணிகர் அம்முன்பணத்தை வங்கியிடமோ ஏற்றுமதியாளரிடமோ கடனாகப் பெற்றிருப்பர். பண்ணையாளர் அடுத்த பருவ இறகினை நம்பி நிலம் வாங்குவர். அந்நிலத்தை அடைமானம் வைத்து மேலும் பறவை வாங்குவர். குதிரை மசால் விளையும் பாசன நிலத்தின் விலை இதனால் அளவிறந்து ஏறிற்று. இவ்வகையில் ஔட்சூர்னின் பண்ணை, அங்காடி, வங்கி ஆகிய மூன்றும் இலண்டனில் இனிமேல் கூறப்படவிருக்கும் ஏலவிலை என்னும் ஒரே தூணின் மேல் நின்றன. இறகு உண்ணும் பொருளன்று, உடுக்கும் பொருளுமன்று, தேவை அற்றுப்போயின் மாற்றுப் பயன் ஏதும் இல்லாதது.

பைன்ஹர்ஸ்ட், வெல்கலுக் முதலிய மாளிகைகள் 1910, 1911 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. இருப்புப்பாதை 1904-இல் கிழக்கிலிருந்து நகரை எட்டியது. மலையைக் குடைந்து ஜார்ஜ் நகர்க்கும் அதன்வழி மோசல் பே துறைமுகத்துக்கும் செல்லும் பாதை 1913-இல் நிறைவுற்றது. துறைமுகத்துக்குச் செல்லும் வழி செம்மையுற்ற காலத்தில் அவ்வழியிற் செல்லவேண்டிய பொருளின் காலம் முடியலாயிற்று.

6. உழைப்போர்

மாளிகையும் வணிகமும் பற்றிய செய்திகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. பறவையை அடைப்பினுள் செலுத்தியவர், முட்டை பொறுக்கியவர், குஞ்சு காத்தவர், குதிரை மசால் அறுத்தவர், வாய்க்கால் தூர்வாரியவர், இறகு கழுவிக் கட்டியவர் ஆகியோர் பற்றிய செய்திகள் அருகியே கிடைக்கின்றன. இவருட் பெரும்பாலோர் கலர்டு மக்கள். ஆடவரோடு பெண்டிரும் சிறாரும் உழைத்தனர். சேவல் இனப்பெருக்கக் காலத்தில் சினம் மிக்கது; முன்னோக்கி உதைத்து ஆளைக் கொல்லவும் வல்லது. அதனை முட்கிளை ஒன்றை நீட்டித் தடுத்து நின்றவன் கூலியாளே.

இவர்தம் நிலையை இரண்டு வகையால் அறியலாம். ஒன்று சட்டம். 1856-ஆம் ஆண்டு கேப் ஆண்டான்-ஏவலர் சட்டம் ஒப்பந்தத்தை மீறிய ஏவலாளைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க இடந்தந்தது. வேலையை விட்டு நீங்குதலும் கட்டளையை மறுத்தலும் குற்றங்களாயின. இத்தகைய சட்டங்கள் தென்னாப்பிரிக்காவில் 1974 வரை நீக்கப்படவில்லை. மற்றொன்று குடியிருப்பு. தொழிலாளர் பண்ணையாளரின் நிலத்திலேயே குடியிருந்தமையின் வேலையை இழத்தலும் வீட்டை இழத்தலும் ஒன்றே. மேற்குக் கேப் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதியை மதுவாக அளிக்கும் 'டாப்' என்னும் வழக்கமும் நிலவியது. கூலி உயர்வுக்கு வழியும் வேறிடம் பெயர உரிமையும் குறுகியிருந்த நிலையில், இறகு விலை ஏறியபோது ஏற்றத்தின் பங்கு இவர்க்கு வாராமை வியப்பன்று.

வெள்ளையருள்ளும் நிலமற்றோர் இருந்தனர். பிறர் பண்ணையில் குடியிருந்து சிறிது பயிர்செய்தும் சில ஆடுமாடுகளை மேய்த்தும் வாழ்ந்த இவர் 'பைவோனர்' எனப்பட்டனர். முன்பு பயன்படாது கிடந்த நிலத்தின் ஒரு மூலையை இவர்க்கு விட்டுக்கொடுத்தல் பண்ணையாளர்க்கு இழப்பன்று. குதிரை மசால் விளைவிக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு மூலையும் விலைமிக்கதாயிற்று, பைவோனர் வெளியேற்றப்பட்டனர். ஆகவே வறுமை வீழ்ச்சிக்குப்பின் தோன்றியதன்று. ஏற்றத்திலேயே அதற்கு வித்திடப்பட்டது.

மலைவழிகளின் வரலாறும் இதனையே காட்டும். சுவார்ட்பெர்க் கணவாய்ச் சாலையை அமைத்தவர் தாமஸ் பெய்ன் என்பது யாவரும் அறிந்தது. 1881 முதல் 1888 வரை அங்குக் கல்லடுக்கிச் சுவரெழுப்பிய கைகள் சிறைக்கைதிகளுடையவை. சாலையோடு நினைக்கப்படும் பெயர் பொறியாளரது; கல்லெடுத்தவர் பெயர் வழக்கில் இல்லை.

7. 1914-ஆம் ஆண்டு வீழ்ச்சி: காரண ஆராய்ச்சி

வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

மோட்டார் வண்டியின் வரவு என்பது முதற்காரணம். திறந்த வண்டியில் விரைந்து செல்வார்க்கு அகன்ற இறகுத்தொப்பி பொருந்தாது என்பர். இஃது உண்மையே, எனினும் மோட்டார் வண்டி ஒரே ஆண்டில் தோன்றிப் பரவியதன்று. இறகு ஏற்றுமதி ஏறிவந்த ஆண்டுகளிலேயே அதுவும் பெருகிவந்தது. ஆதலின் இது தேவையைக் குறைத்த காரணங்களுள் ஒன்றாகலாமே யன்றித் திடீர் வீழ்ச்சியை விளக்காது.

பறவைக் கொலைக்கு எதிரான இயக்கம் என்பது இரண்டாவது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவ்வியக்கம் வலுப்பெற்றது. எனினும் 1913-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமும் 1921-ஆம் ஆண்டு பிரிட்டானியச் சட்டமும் தீக்கோழி இறகினை விலக்கப்பட்ட பொருள்களுட் சேர்க்கவில்லை; கொல்லாது கொய்யப்படும் இறகு என்பது ஏற்கப்பட்டது. சட்டம் விலக்களித்தும், இறகணிதலே நாகரிகக் குறைவு என்ற எண்ணம் பரவியதால் இவ்விறகும் ஓரளவு தாக்குண்டது எனக் கொள்ளலாம்.

உலகப்போர் என்பது மூன்றாவது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபின் ஆடம்பரப் பொருளுக்குக் கப்பலில் இடம் அரிதாயிற்று. ஐரோப்பிய மகளிர் பணிக்கும் துயருக்கும் உரிய எளிய உடை பூண்டனர். எனினும் விலைச்சரிவு போருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. போர் சரிவைத் தொடங்கவில்லை. மீட்சிக்கு இடமில்லாமற் செய்தது.

எஞ்சுவது மிகைவிளைவும் கடனும். முன்னர்க் காட்டிய கணக்கின்படி, சராசரி மதிப்பு நெடுங்காலமாகக் குறைந்தே வந்தது. எடையைப் பெருக்கியே வருவாய் காக்கப்பட்டது. எடையைப் பெருக்க நிலமும் பறவையும் வேண்டின. அவை கடனால் வாங்கப்பட்டன. கடனைத் தீர்க்க மேலும் இறகு விற்க வேண்டியிருந்தது. இச்சுழலில் தேவை சிறிது குறையினும் முழுக்கட்டடமும் சரியும். சரிந்தது. வாங்குவாரின்றி இறகு கட்டுக்கட்டாகத் தேங்கியது. முன்பணம் தந்த வணிகரும் வாங்கிய பண்ணையாளரும் ஒருங்கே திவாலாயினர். பெருந்தொகையான பறவைகள் கொல்லப்பட்டன. சில வேலி திறந்து விடப்பட்டன. மேற்கூறிய முதல் மூன்றும் வீழ்ச்சியின் வாயில்களே. அடிக்காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

8. வீழ்ச்சிக்குப் பின்

வீழ்ச்சியின் சுமை ஒரே தன்மையாக விழவில்லை. நிலமும் நீருரிமையும் கடனுக்கு உட்படாது வைத்திருந்தோர் புகையிலைக்கும் தானியத்துக்கும் பாற்பண்ணைக்கும் திரும்பினர். குதிரை மசால் விளைந்த வயல் பசுவையும் தாங்கும். அப்பயிரின் விதையே பின்னர் இப்பகுதியின் சிறந்த விளைபொருளாயிற்று. 1923-இல் நிறைவுற்ற கமனாசி அணை பாசனத்தை விரித்தது. இறகு போயினும் நீர் போகவில்லை; நீருள்ளவர் நிலைத்தனர்.

வணிகருட் பலர் அனைத்தும் இழந்து ஜோகானஸ்பர்க், கேப் டவுன் முதலிய நகர்களுக்குப் பெயர்ந்தனர். யூத சமுதாயம் சுருங்கியது. இரண்டாவது தொழுகைக்கூடத்தின் வேதப்பேழை இன்று நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளது. மாக்ஸ் ரோஸ் போன்ற மிகச் சிலரே பறவைகளைக் கைவிடாது வளர்த்து வந்தனர். பைவோனரும் சிறு பண்ணையாளரும் 'ஏழை வெள்ளையர்' என்னும் வகுப்பிற் சேர்ந்தனர். இவ்வகுப்பின் நிலையை ஆராய்ந்த கார்னகி ஆணைக்குழு தன் அறிக்கையை 1932-இல் வெளியிட்டது. அரசும் இவர்க்கு இருப்புப்பாதைத் துறை முதலியவற்றில் வேலை வழங்கியது. அதே வீழ்ச்சியில் வேலை இழந்த கலர்டு தொழிலாளர் பற்றி அத்தகைய ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. எவருடைய வறுமை ஆராயத்தக்கது என்பதனையும் அக்கால அரசியலே வகுத்தது.

மொழித்துறையில் நிகழ்ந்த ஒன்றும் ஈண்டுச் சுட்டத்தகும். இந்நகரில் வழக்குரைஞராயிருந்த லாங்கன்ஹோவன் 1914-இல் கேப் மாகாண மன்றத்தில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைத் தொடக்க வகுப்புகளில் பயிற்றுமொழியாக்க முன்மொழிந்து வென்றார். 1918-இல் அவர் இயற்றிய பாடல் பிற்காலத்தில் நாட்டுப்பண்ணாயிற்று. பொருளியல் சரிந்த ஆண்டில் மொழியுணர்வு எழுந்தது நோக்கத்தக்கது. ஆயின் அம்மொழி பண்ணையாளர்க்கு மட்டும் உரியதன்று. அவர்தம் வயலில் உழைத்த கலர்டு மக்களின் தாய்மொழியும் அதுவே. 1984-இல் இந்நகரில் தொடங்கப்பட்ட 'சாம்ஸ்தான்' என்னும் இதழ் இனவொதுக்கலை எதிர்த்து அம்மொழியிலேயே பேசியது. 'ஒருங்கு நிற்றல்' என்பது அதன் பொருள். 1950-ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டத்தின் விளைவாகப் பிரிட்ஜ்டன் கலர்டு மக்களுக்கும், பொங்கொலெத்து ஆப்பிரிக்கர்க்கும் என வகுக்கப்பட்டிருந்த சூழலில் எழுந்த குரல் அது.

பறவைத் தொழில் வேறு வடிவில் மீண்டது. 1945-இல் பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1959-இல் விற்பனை முழுவதும் அச்சங்கத்தின் வழியே நடைபெற வகைசெய்யப்பட்டது. அறுபதுகளில் தீக்கோழிக்கெனத் தனி இறைச்சிக்கூடமும், அதனையடுத்துத் தோல் பதனிடும் ஆலையும் தோன்றின. இறகு, தோல், இறைச்சி என மூன்று பொருள் கிடைத்தமையின் ஒன்றன் விலை வீழினும் மற்றவை தாங்கின. 1914-இன் பாடம் ஓரளவு கற்கப்பட்டது எனலாம். 1993-இல் ஒருவழி விற்பனைமுறை நீக்கப்பட்டது. 2011-இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது பல்லாயிரம் பறவைகள் கொல்லப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் பச்சை இறைச்சியின் இறக்குமதியைத் தடைசெய்தது. தொலைவிலுள்ள ஒரு சந்தையின் கதவு அடைபடின் இப்பள்ளத்தாக்கின் அடுப்பு அணையும் என்னும் பழைய நிலை மீண்டும் தோன்றியது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். ஔட்சூர்னின் ஏற்றத்துக்கு இறகு வாயிலேயாக, பாசன நிலமே அடிப்படை என்பது முதலாவது. ஓர் இராத்தலின் மதிப்பு குறைந்துவரவே விளைவு கடனால் பெருக்கப்பட்டமையின் வீழ்ச்சி தொழிலின் உள்ளேயே முதிர்ந்திருந்தது என்பது இரண்டாவது. நிலமும் நீரும் உடையோர் தாங்கினர், கடனை மட்டும் உடையோர் பெயர்ந்தனர், உழைப்பை மட்டும் உடையோர் இருந்த இடத்திலேயே மேலும் தாழ்ந்தனர் என்பது மூன்றாவது.

மாளிகைகளைப் போற்றிக் காத்தல் தக்கதே. எனினும் அவற்றை மட்டும் காண்போர் பத்தாண்டுப் பொலிவையே காண்பர். வாய்க்காலைக் காண்போர் இருநூறாண்டு வரலாற்றைக் காண்பர்: அதனை வெட்டியவர், அதற்கு உரியவர், அதன் கரையில் உரிமையின்றி நின்றவர் என மூவகையாரையும் அங்கே காணலாம். சிறு வேளாண் நகரங்களின் வரலாற்றை ஆராய்வார் ஊரின் பெருமனைகளோடு நீர்முறைக் கணக்கையும், அடைமானப் பத்திரத்தையும், ஏவலர் வழக்குப் பதிவையும் ஒப்பவைத்து நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குங்கால், கட்டடம் எழுப்பாது மறைந்தோரும் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.